ஆயில் விளக்கு எரியும்போது

வண்டியின் டேஷ்போர்டில் எரியும் சிவப்பு நிற எண்ணெய்க் குப்பிப் படம் ஆயிலின் அழுத்தத்தைப் பற்றியது. ஆயில் குறைந்தாலும் அது எரியலாம், ஆயில் நிறைய இருந்தும் எரியலாம். இன்ஜினின் அடியில் சம்ப் என்ற தொட்டியில் ஆயில் தேங்கியிருக்கிறது. பம்ப் அதை உறிஞ்சி, ஃபில்டர் வழியாக, இன்ஜின் பிளாக்குக்குள் துளைத்த வழிகளில் மேலே தள்ளுகிறது. அந்தத் தள்ளுவிசையால்தான் கிராங்க் ஷாஃப்ட்டுக்கும் அதைத் தாங்கும் பேரிங்குக்கும் நடுவே மெல்லிய ஆயில் படலம் நிற்கிறது. படலம் இருக்கும்வரை உலோகம் உலோகத்தைத் தொடுவதில்லை. அது அறுந்துவிட்டால், ஓடும் இன்ஜினில் பேரிங் தேய்ந்து சூடேறி கிராங்க்கைப் பிடித்துக்கொள்ளச் சில நிமிடங்களே போதும்.

இந்த அழுத்தத்தைக் கண்காணிப்பது கட்டைவிரல் அளவுள்ள ஒரு சிறு பாகம். பட்டறைகளில் இதை ஆயில் பிரஷர் சுவிட்ச் என்பார்கள், சென்சார் என்றும் சொல்வதுண்டு. பெரும்பாலான கார்களில் இது ஆயில் ஃபில்டருக்கு அருகிலோ, பிளாக்கின் பக்கவாட்டிலோ, சிலிண்டர் ஹெட்டின் ஓரத்திலோ திருகப்பட்டிருக்கும். உள்ளே மெல்லிய தகடு ஒன்றும், அதன் பின்னால் ஒரு ஸ்பிரிங்கும், மின்சாரத் தொடுமுனைகளும் இருக்கின்றன. அழுத்தம் இல்லாதபோது முனைகள் ஒட்டியே இருக்கும். விளக்கிலிருந்து வரும் மின்சாரம் சுவிட்ச் வழியாக இன்ஜினில் எர்த் ஆகிறது, விளக்கு எரிகிறது. இன்ஜின் ஓடத் தொடங்கியதும் ஆயில் தகட்டைத் தள்ளும், முனைகள் பிரியும், விளக்கு அணையும். சாவியைத் திருப்பியதும் விளக்கு எரிவதும், ஸ்டார்ட் ஆன சில நொடிகளில் அணைவதும் இந்த ஏற்பாடு சரியாக இருப்பதற்கு அடையாளம்.

இந்தச் சுவிட்சின் எல்லை மிகவும் தாழ்வானது என்பதை ஓட்டுநர்களில் பலர் அறிவதில்லை. பெரும்பாலான சுவிட்சுகள் சதுர அங்குலத்துக்கு ஏறக்குறைய 4 முதல் 7 பவுண்டு அழுத்தத்திலேயே விளக்கை அணைத்துவிடும். சூடான நிலையில் வேகமாக ஓடும் கார் இன்ஜினுக்குப் பொதுவாக 40 பவுண்டுக்குக் குறையாத அழுத்தம் வேண்டும். அது 15 பவுண்டாக இறங்கி, பேரிங்குகள் ஆயிலுக்குத் தவித்துக்கொண்டிருக்கும்போதும் விளக்கு அணைந்தே இருக்கும். ஆகவே விளக்கு எரியாததை வைத்து இன்ஜின் நலம் என்று முடிவு கட்ட முடியாது. விளக்கு எரிந்தாலோ, நிலைமை கடைசிக் கட்டத்துக்கு வந்துவிட்டது என்றே எடுத்துக்கொள்ள வேண்டும்.

சில வண்டிகளில் விளக்குக்குப் பதிலாக முள் காட்டும் மீட்டர் இருக்கும். போர்க்காலத்து வில்லிஸ் ஜீப்பில் இன்ஜினிலிருந்து ஆயிலே ஒரு குழாய் வழியாக டேஷ்போர்டு வரை வந்து முள்ளை நகர்த்தியது. பின்னாளில் வந்த மின் மீட்டர்களுக்கு அழுத்தத்துக்கு ஏற்ப மின்தடை மாறும் சென்சார் வேண்டும். விளக்குக்கான சுவிட்சும் மீட்டருக்கான இந்தச் சென்சாரும் வெளித்தோற்றத்தில் ஒன்றுபோல் தெரிந்தாலும், ஒன்றின் இடத்தில் மற்றது வேலை செய்யாது. 1980-களின் பிற்பகுதியிலிருந்து ஃபோர்டு நிறுவனம் தன் பல வண்டிகளில் மீட்டரை வைத்துவிட்டு, அதன் பின்னால் வெறும் சுவிட்சையே இணைத்தது. குறைந்தபட்ச அழுத்தம் இருந்தாலே அதில் முள் நடுவில் போய் நிற்கும். அத்தகைய மீட்டரும் விளக்கைவிட அதிகமாக எதையும் சொல்வதில்லை.

ஓடும்போது விளக்கு எரிந்தால் முதல் வேலை, ஓரமாக நிறுத்தி இன்ஜினை அணைப்பது. "வீடு வரை போய்விடலாம்" என்ற எண்ணமே இன்ஜின்களைக் கொல்கிறது. சுவிட்ச் கெட்டிருந்தால் நின்றதால் இழப்பு ஒன்றுமில்லை. அழுத்தம் நிஜமாகவே போயிருந்தால், ஓட்டிய ஒவ்வொரு கிலோமீட்டருக்கும் செலவு ஏறும்.

வண்டியைச் சமதரையில் நிறுத்தி, ஐந்து பத்து நிமிடம் ஆயில் சம்ப்பில் இறங்க விட்டு, டிப்ஸ்டிக்கை உருவித் துடைத்து, மறுபடி செருகிப் பார்க்க வேண்டும். ஆயில் கீழ்க்கோட்டுக்குக் குறைந்திருந்தால் நிரப்பிவிட்டு, அது எங்கே போனது என்று தேட வேண்டும். அளவோடு ஆயிலின் தன்மையையும் பார்ப்பது நல்லது. தண்ணீர்போல் ஓடினாலோ, பெட்ரோல் வாடை அடித்தாலோ, எரிபொருள் கலந்து ஆயில் நீர்த்துவிட்டது என்று பொருள். பால் கலந்த காபி நிறத்தில் இருந்தால் ரேடியேட்டர் தண்ணீர் உள்ளே புகுந்திருக்கிறது. இந்த இரண்டு நிலையிலும் சுவிட்சைக் குறை சொல்ல இடமில்லை.

ஆயில் சரியாக இருந்தால் அடுத்தது ஒயர். சாவியைத் திருப்பி, இன்ஜினை ஸ்டார்ட் செய்யாமல், சுவிட்சின் தலையில் உள்ள ஒயரைக் கழற்ற வேண்டும். விளக்கு அணைந்தால் ஒயரில் கோளாறு இல்லை. அணையாமல் எரிந்துகொண்டே இருந்தால், ஒயர் வழியில் எங்கோ உரிந்து இன்ஜினிலோ பாடியிலோ பட்டு எர்த் ஆகிறது. பழைய வண்டிகளில் வெப்பத்தால் ஒயரின் மேல்தோல் வெடித்து இப்படி நேர்வது சகஜம், எலி கடிப்பதும் உண்டு. மேடுபள்ளத்தில் மட்டும் விட்டுவிட்டு எரியும் விளக்குக்கு இதுவே காரணமாக இருக்க வாய்ப்பு அதிகம்.

சாவியைத் திருப்பியும் விளக்கே எரியாத வண்டிக்குச் சோதனை தலைகீழானது. கழற்றிய ஒயரின் முனையை இன்ஜினின் சுத்தமான உலோகப் பகுதியில் தொட வைக்க வேண்டும். அப்போது எரிந்தால் சுவிட்ச் பழுது. எரியாவிட்டால் பல்பு, ஃபியூஸ், ஒயர் ஆகியவற்றைப் பார்க்க வேண்டும். இவை சாதாரண ஒற்றை ஒயர்ச் சுவிட்சுக்குப் பொருந்தும் சோதனைகள். மூன்று ஒயர் கொண்ட, கம்ப்யூட்டரோடு இணைந்த சென்சாரில் ஒயரை எர்த் செய்து பார்ப்பது தவறு.

விளக்கு எப்போது எரிகிறது என்பதே ஒரு துப்பு. வளைவில் திரும்பும்போதோ, திடீரென்று பிரேக் பிடிக்கும்போதோ மட்டும் மின்னினால், ஆயில் குறைந்து பம்ப் காற்றை உறிஞ்சுகிறது என்று சந்தேகிக்கலாம். காலையில் ஸ்டார்ட் செய்ததும் நெடுநேரம் எரிந்து பிறகு அணைந்தால், ஃபில்டரில் உள்ள ஆயிலை இரவில் வடியவிடாமல் தடுக்கும் ரப்பர் வால்வு போயிருக்கலாம். தரமற்ற ஃபில்டர்களில் இது அடிக்கடி காணும் குறை. நன்றாகச் சூடான பிறகு, சிக்னலில் ஐடிலில் நிற்கும்போது மட்டும் மினுமினுத்து, லேசாக ரேஸ் கொடுத்ததும் அணைவதுதான் முடிவு சொல்லக் கடினமானது. சுவிட்ச் தளர்ந்தாலும் அப்படி ஆகும். பேரிங் தேய்ந்து அழுத்தம் குறைந்தாலும் அச்சு அசலாக அப்படியே ஆகும்.

இந்த இரண்டையும் பிரித்துக் காட்டும் ஒரே வழி, கையடக்க ஆயில் பிரஷர் மீட்டரை வைத்து நேரடியாக அளப்பது. சுவிட்சைக் கழற்றிய துளையிலேயே மீட்டரின் குழாயைத் திருகி, இன்ஜினைச் சூடாகும்வரை ஓடவிட வேண்டும். குளிர்ந்த ஆயில் கெட்டியாக இருப்பதால் தொடக்கத்தில் அழுத்தம் கூடுதலாகத் தெரியும், அந்த எண்ணை நம்பி முடிவெடுக்கக் கூடாது. ரேடியேட்டர் விசிறி ஒருமுறை ஓடி நின்ற பிறகு கிடைக்கும் எண்ணே உண்மையானது. நிமிடத்துக்கு ஒவ்வொரு 1000 சுற்றுக்கும் சதுர அங்குலத்துக்கு 10 பவுண்டு என்பது மெக்கானிக்குகள் நெடுங்காலமாகக் கைக்கொள்ளும் தோராயக் கணக்கு. அந்தந்த வண்டியின் சர்வீஸ் புத்தகத்தில் உள்ள எண்ணுக்கே முதல் மதிப்பு. மீட்டர் சரியான எண்ணைக் காட்டி விளக்கு மட்டும் எரிகிறது என்றால், புதுச் சுவிட்ச் வாங்கலாம். மீட்டரே குறைவாகக் காட்டினால் எத்தனை சுவிட்ச் மாற்றினாலும் பயனில்லை. அப்போது தேட வேண்டியவை வேறு: சம்ப்பின் அடியில் கசடு அடைத்த ஸ்ட்ரெய்னர், திறந்தபடி மாட்டிக்கொண்ட ரிலீஃப் வால்வு, தேய்ந்த பம்ப், தேய்ந்த பேரிங். பழைய வண்டிக்கு இந்தச் சோதனையைச் செய்யாமல் சுவிட்சை மாற்றிக் கொடுக்கும் பட்டறை, அரை வேலைதான் செய்கிறது.

அளந்து பார்க்காமலே பழுதென்று சொல்லக்கூடிய சுவிட்சும் உண்டு. ஒயர் செருகும் இடத்தில் ஆயில் கசிந்திருந்தால் உள்ளே இருக்கும் தகடு கிழிந்துவிட்டது. அதைத் தள்ளிப்போடக் கூடாது. அழுத்தத்தோடு இருக்கும் ஆயில், கிழிசல் பெரிதானால் நீண்ட பயணம் ஒன்றிலேயே சம்ப்பைக் காலி செய்துவிடும்.

புதுச் சுவிட்ச் வாங்கும்போது மரையில்தான் கவனம் தேவை. ஜப்பானிய வடிவமைப்பிலான இன்ஜின்களில் எட்டில் ஒரு அங்குல பிரிட்டிஷ் குழாய் மரை வழக்கம். 1983 முதல் 2014 வரை தயாரான மாருதி 800-ம் சுசுகியின் வடிவமைப்பு என்பதை இங்கே நினைவில் கொள்ளலாம். அமெரிக்க வண்டிகள் பலவற்றில் அதே அளவுள்ள அமெரிக்க மரை இருக்கும், பல ஜெர்மன் கார்களில் 10 மில்லிமீட்டர் மரை. பிரிட்டிஷ் மரையில் அங்குலத்துக்கு 28 சுற்று, அமெரிக்க மரையில் 27. கண்ணுக்கு வித்தியாசம் தெரியாது, முதல் இரண்டு சுற்று கையால் ஏறவும் செய்யும். அதற்குமேல் ஸ்பேனர் போட்டு இறுக்கினால் பிளாக்கின் மரை அழிந்துவிடும். பழைய சுவிட்சைக் கடைக்குக் கொண்டுபோய் ஒப்பிடுவதும், வண்டியின் மாடல், ஆண்டு சொல்லி வாங்குவதும் இதைத் தவிர்க்கும்.

மாற்றுவது இன்ஜின் ஆறிய பிறகு செய்யும் வேலை. பேட்டரியின் நெகட்டிவ் முனையைக் கழற்றி, சுவிட்சைச் சுற்றியுள்ள மண்ணைத் துடைத்து, அடியில் ஒரு துணி வைத்துக்கொள்ள வேண்டும். கொஞ்சம் ஆயில் வடியும். கீழே ஆல்டர்னேட்டர் இருந்தால் அதை மூடிவிட வேண்டும். ஒயரைப் பிடித்து இழுக்காமல் கனெக்டரைப் பிடித்துக் கழற்றி, நீளமான சாக்கெட் கொண்டு இடப்பக்கமாகத் திருகினால் சுவிட்ச் வந்துவிடும். சாதாரண ஸ்பேனர் பல இடங்களில் உள்ளே போகாது, பிளையர் வைத்தால் சுவிட்ச் நசுங்கும்.

புதியதைக் கையால் சில சுற்றுகள் ஏற்றிய பிறகே சாக்கெட்டை வைக்க வேண்டும். 12 முதல் 18 நியூட்டன் மீட்டர் முறுக்கு பெரும்பாலானவற்றுக்குப் போதும். கூம்பு மரை உள்ள சுவிட்சில் இறுக இறுகக் கசிவு நிற்கும், தலை பிளாக்கில் உட்கார வேண்டியதில்லை. டெஃப்லான் டேப் சுற்றும் பழக்கத்தில் ஓர் ஆபத்து இருக்கிறது. ஒற்றை ஒயர்ச் சுவிட்சுக்கு மரைதான் எர்த். டேப் தடிமனாக இருந்தால் எர்த் அறுந்து, ஆயில் அறவே இல்லாமல் போனாலும் விளக்கு எரியாது. டேப்பின் நுனி பிய்ந்து ஆயில் வழிக்குள் போவதும் உண்டு. பல புதுச் சுவிட்சுகளின் மரையில் பசை பூசியே வருகிறது. இல்லாவிட்டால் மரைக்கான திரவப் பசையை, முதல் இரண்டு மரையை விட்டு, மெல்லியதாகத் தடவுவதே மேல்.

அமெரிக்காவில் ஜெனரல் மோட்டார்ஸின் 5.3 லிட்டர் பிக்கப் இன்ஜின்களில் சில ஆண்டு மாடல்களுக்குச் சென்சாரின் அடியில் ஒரு சிறு சல்லடையும் உண்டு. அது அடைத்தால் இன்ஜினில் அழுத்தம் இருந்தும் சென்சாருக்கு எட்டாது. அந்த வண்டிகளில் சென்சாரை மட்டும் மாற்றிவிட்டுச் சல்லடையை விட்டால் பழைய கதையே தொடரும்.

எல்லாம் பொருத்தியபின் சாவியைத் திருப்பியதும் விளக்கு எரிய வேண்டும், ஸ்டார்ட் செய்ததும் அணைய வேண்டும். சில நிமிடம் ஓடவிட்டு, மரையைச் சுற்றி விரலால் தடவிக் கசிவு பார்த்து, ஆயில் அளவைச் சரி செய்தால் வேலை முடிந்தது. மறுநாளும் ஒருமுறை அந்த இடத்தைப் பார்ப்பது அவசியம்.

இன்ஜின் தேய்ந்த வண்டியை விற்கும்போது, தொல்லை கொடுக்கும் விளக்கின் ஒயரைக் கழற்றிவிடுவதும், பல்பைப் பிடுங்கிவிடுவதும் நடக்கிறது. பழைய வண்டி வாங்குவோர் பேரம் பேசுவதற்கு முன் சாவியை மட்டும் திருப்பி, சிவப்பு ஆயில் விளக்கு எரிகிறதா என்று பார்த்துவிட வேண்டும். எரியவில்லை என்றால், காரணம் தெரியும்வரை முன்பணம் கொடுக்க வேண்டாம்.