உலை நின்றாலும் வெப்பம் நிற்பதில்லை!

(அணுபுரத்தில் பெற்றோரும் ஆசிரியரும் கூடிய கூட்டத்தில் ஆற்றிய உரை)

வாசகத் தோழனே!

மேடையில் பேசியது காற்றோடு போய்விடும். ஏட்டில் எழுதியது உன் கையோடு இருக்கும். ஆகவே, அணுபுரத்தில் நான் பேசியதை உனக்காக இங்கே எழுதுகிறேன். நீயும் அந்த அரங்கில், முன்வரிசையில் அமர்ந்திருப்பதாக எண்ணிக்கொண்டு கேள்!

பேரன்பு கொண்ட பெற்றோர்களே! ஆசிரியப் பெருமக்களே! தோழர்களே!

இங்கு வரும் வழியில் மாமல்லபுரத்தில் சற்று இறங்கினேன். கடற்கரைக் கோயிலைக் காண அல்ல. கிருஷ்ண மண்டபத்தில் உள்ள ஒரு பசுவைக் காண! கல்லிலே செதுக்கிய பசு. ஆயன் ஒருவன் அமர்ந்து பால் கறக்கிறான். பசுவின் கவனம் அவன்மீது இல்லை. அது தன் கன்றை நக்கிக்கொண்டிருக்கிறது. ஆயிரத்து முந்நூறு ஆண்டுகளாக நக்கிக்கொண்டிருக்கிறது! கடற்காற்று கல்லை அரித்தது. அந்தக் கனிவை அரிக்கவில்லை.

அதைச் செதுக்கிய சிற்பி எந்தப் பட்டமும் பெற்றவனல்லன். ஆனால் ஓர் உண்மையை அறிந்தவன். கன்று அருகில் இருந்தால் மடி தானே சுரக்கும். மடியை மட்டும் பிடித்து இழுத்தால் பால் வராது, உதைதான் வரும்!

கல்வியும் அப்படித்தான், தோழர்களே! நாம் மடியை மட்டும் பார்க்கிறோம். எத்தனை படி கறந்தது என்று கணக்கு எழுதுகிறோம். அந்தக் கணக்குக்கு மதிப்பெண் என்று பெயர் சூட்டுகிறோம். கனிவு எங்கே என்று கேட்பார் இல்லை!

தன் நெஞ்சில் எழுவது சினமா, அச்சமா, நாணமா என்று இனம் காண்பது. கண்டபின் அதற்கு அடிமையாகாமல் அதை ஆள்வது. அடுத்தவர் நெஞ்சில் எழுவதை அவர் வாய் திறவாமலே உணர்வது. இவற்றைத் தனியோர் அறிவாகவே வகுத்துக் காட்டினர், 1990-ஆம் ஆண்டில், பீட்டர் சாலவே, ஜான் மேயர் எனும் இரு அமெரிக்க உளவியலாளர்கள். 1995-இல் டேனியல் கோல்மன் எழுதிய நூல் அக்கருத்தை உலகெங்கும் கொண்டு சென்றது. உணர்வறிவு என்று அதை நாம் அழைப்போம்.

பெயர் புதிது, பொருள் நமக்குப் புதிதன்று. திருக்குறளைத் திறந்து பாருங்கள். குறிப்பறிதல் என்ற ஒரே தலைப்பில் இரண்டு அதிகாரங்கள்! ஒன்று பொருட்பாலில், மற்றொன்று இன்பத்துப்பாலில். அமைச்சனுக்கும் அது வேண்டும். காதலனுக்கும் அது வேண்டும். ஆசிரியனுக்கு மட்டும் வேண்டாமா?

இது அணுவின் ஊர். உலையைப் பற்றி உங்களிடம் நான் பேசுவது கொல்லன் தெருவில் ஊசி விற்ற கதைதான். ஆயினும் விற்கிறேன், பொறுத்தருளுங்கள்!

கட்டுப்பாட்டுக் கோல்களை உள்ளே இறக்கினால், அணுப்பிளவுத் தொடர் நின்றுவிடும். ஆனால் வெப்பம் நிற்பதில்லை. பிளந்த அணுக்களின் எச்சங்கள் சிதைந்து சிதைந்து வெப்பத்தைக் கக்கிக்கொண்டே இருக்கும். ஆகவே, உலையை நிறுத்தினோம், வேலை முடிந்தது என்று எவரும் வீட்டுக்குப் போய்விட முடியாது. குளிர்விக்க வேண்டும், விடாமல் குளிர்விக்க வேண்டும்.

2004 டிசம்பர் 26. ஆழிப்பேரலை கல்பாக்கத்திலும் பாய்ந்தது. கடல் நீர் அணுமின் நிலையத்தின் நீரேற்றும் கூடத்துக்குள் புகுந்தது. ஓடிக்கொண்டிருந்த உலை பாதுகாப்பாக நிறுத்தப்பட்டது, தீங்கு விலகியது. 2011 மார்ச் 11. ஜப்பானின் ஃபுகுஷிமாவில் நிலம் அதிர்ந்தது. ஓடிய உலைகள் அங்கும் உடனே நின்றன. பின்னால் வந்த அலை குளிர்விப்புக்கான மின்சாரத்தை அழித்தது. நின்றுபோன மூன்று உலைகளின் உள்ளகம் உருகியது! நிற்காத உலை அல்ல. நின்ற உலை உருகியது. அதை எண்ணிப் பாருங்கள்!

பிள்ளைக்குத் தேர்வு முடிகிறது. விடைத்தாளைக் கட்டி அனுப்பிவிட்டோம், முடிவையும் அறிவித்துவிட்டோம், உலை நின்றுவிட்டது என்று நினைக்கிறோம். ஆனால் அந்தச் சின்னஞ்சிறு நெஞ்சுக்குள் வெப்பம் நிற்கவில்லையே! "எத்தனை வாங்கினாய்?" என்று அப்பா கேட்கிறார்; அண்டை வீட்டார் கேட்கிறார்; முகம் அறியாத உறவினர் தொலைபேசியில் அழைத்துக் கேட்கிறார். இந்தக் குடியிருப்பில் விஞ்ஞானி வீட்டுப் பிள்ளைக்கு, எதிர்பார்ப்பு எனும் வெப்பம். பக்கத்துக் கடலோரக் குப்பத்தில் மீனவர் வீட்டுப் பிள்ளைக்கு, இல்லாமை எனும் வெப்பம். இரண்டையும் குளிர்விக்கும் குழாய் எங்கே?

2022-ஆம் ஆண்டில் மட்டும் இந்திய நாட்டில் தம் உயிரைத் தாமே மாய்த்துக்கொண்ட மாணவர்கள் 13,044 பேர் என்று தேசியக் குற்ற ஆவணக் காப்பகம் கூறுகிறது. நாளொன்றுக்கு 35 பேருக்கும் மேல்! ஒரு வகுப்பறை, தோழர்களே! ஒவ்வொரு நாளும் ஒரு வகுப்பறை காலியாகிறது!

அந்த வரிசையில் ஒரு பெயரை நாடு மறக்கவில்லை. அரியலூர் மாவட்டத்துக் குழுமூர் அனிதா. சுமை தூக்கும் தொழிலாளியின் மகள். மேல்நிலைத் தேர்வில் 1200-க்கு 1176 பெற்றவர். மருத்துவக் கனவோடு உச்ச நீதிமன்றப் படி வரை ஏறியவர். 2017 செப்டம்பர் முதல் நாள் அவரை இழந்தோம். அவர் எடுத்த முடிவைப் போற்ற நான் வரவில்லை. அவர் வாழ்ந்திருக்க வேண்டும்; வெள்ளை அங்கி அணிந்து, குழுமூரின் தாய்மார்களுக்கு நாடி பார்த்திருக்க வேண்டும்! ஆனால், "மனத்திடம் போதவில்லை" என்று ஒரே சொல்லில் கணக்கை முடிக்கும் மேதாவிகளைப் பார்த்துக் கேட்கிறேன்: குளிர்விக்கும் குழாயை வைக்காதவன், உருகிய இரும்பைப் பார்த்து, "உனக்கு உறுதி இல்லை" என்று சொல்லலாமா?

இன்று நான் சொல்ல வந்த செய்தியே இதுதான். உணர்வறிவு என்பது பிள்ளைக்குப் புகட்டும் பொறுமைப் பாடம் மட்டுமன்று. ஓட்டப் பந்தயத்தில் ஒருவனுக்குக் குதிரையும் மற்றவனுக்கு விலங்கும் பூட்டிவிட்டு, விலங்கு பூண்டவனுக்கு மூச்சுப் பயிற்சி சொல்லிக் கொடுப்பது கல்வியன்று, கேலி! உணர்வறிவை முதலில் கற்க வேண்டியது தேர்வு வைப்பவன், பாடம் நடத்துபவன், சட்டம் செய்பவன். வள்ளுவர் கண்ணோட்டம் என்ற அதிகாரத்தை எங்கே வைத்தார்? பொருட்பாலில், அரசியலில் வைத்தார்! பிறர் துயர் கண்டு நெகிழ்வது ஆள்வோனின் இலக்கணம் என்றல்லவா அதற்குப் பொருள்?

இனி, நாணயத்தின் மறுபக்கம். நோகும் நெஞ்சைப் பற்றிச் சொன்னேன். நோகடிக்கும் நெஞ்சைப் பற்றியும் சொல்ல வேண்டும். 2023 ஆகஸ்டில், நெல்லை மாவட்டத்து நாங்குநேரியில், ஒடுக்கப்பட்ட சமூகத்து மாணவனை அவன் வீட்டுக்குள்ளேயே புகுந்து வெட்டியவர்கள் யார்? அவன் படித்த பள்ளியின் மாணவர்கள்! தடுக்க வந்த தங்கையும் வெட்டுப்பட்டாள். ஒரே மணி ஒலிக்கு எழுந்தவர்கள். ஒரே கரும்பலகையைப் பார்த்தவர்கள்! எழுத்தைக் கற்றார்கள், எதிரில் இருப்பவன் வலியைக் கற்கவில்லை. அதன்பின் அரசு அமைத்த, ஓய்வு பெற்ற நீதியரசர் சந்துரு அவர்களின் குழு, 2024 ஜூனில் அறிக்கை தந்தது. சாதி காட்டும் வண்ணக் கயிறு மாணவர் கையில் கூடாது என்றது. நன்று! கையில் கட்டிய கயிற்றை ஆணை அவிழ்க்கும். நெஞ்சில் கட்டிய கயிற்றை எது அவிழ்க்கும்?

நான் நாடகக்காரன், எனக்குத் தெரிந்த வழியைச் சொல்கிறேன். ஒரு சிற்றூரில் பள்ளிப் பிள்ளைகளுக்கு நாடகம் பழக்கினேன். பண்ணையார் வேடத்தைச் சேரிப் பிள்ளைக்குக் கொடுத்தேன். கூலியாள் வேடத்தை மேலத்தெருப் பிள்ளைக்குக் கொடுத்தேன். கூலியாள் செருப்பைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டு, குனிந்தபடி தெருவைக் கடக்க வேண்டும், அதுதான் காட்சி. முதல் ஒத்திகையில் அந்தப் பிள்ளை சிரித்தான். இரண்டாம் ஒத்திகையில் சிரிப்பு நின்றது. மூன்றாம் ஒத்திகையில் பாதி வழியில் நின்றுவிட்டான். "அண்ணா, நிசமாகவே இப்படி நடந்தார்களா?" என்றான். "உன் தாத்தாவைக் கேள்" என்றேன்.

மறுநாள் வந்தான். கேட்டானா என்று நான் கேட்கவில்லை. அவன் முகமே சொல்லிற்று. அன்று ஒத்திகை முடிந்ததும் பண்ணையார் வேடக்காரனின் தோளில் கை போட்டபடி வெளியே போனான். ஆயிரம் அறிவுரை செய்யாததை, கையில் பிடித்த ஒரு சோடிச் செருப்பு செய்தது!

அரசுப் பள்ளிகளில் 2022 முதல் கலைத் திருவிழா நடக்கிறது. அதைப் பரிசுக்கான போட்டியாக மட்டும் பார்க்காதீர்கள். பிறர் நெஞ்சுக்குள் புகுந்து பார்க்கும் வாயிலாகவும் ஆக்குங்கள்.

பாதையே இல்லாமல் போகவில்லை. பசித்த வயிற்றில் எந்த அறிவும் ஏறாது என்று 1956-இல் காமராசர் தொடங்கிய மதிய உணவு, 2022-இல் காலை உணவாகவும் விரிந்தது. அடியும் மனவதையும் கூடாது என்று 2009-ஆம் ஆண்டுக் கல்வி உரிமைச் சட்டம் தடுத்தது. பொதுத்தேர்வில் முதலிடம், இரண்டாமிடம் என்று அறிவிக்கும் பழக்கத்தை 2017-இல் தமிழ்நாடு கைவிட்டது. நூறோ அதற்கு மேலோ மாணவர் பயிலும் கல்வி நிலையங்களில் தகுதி பெற்ற மனநல ஆற்றுப்படுத்துநர் ஒருவரேனும் வேண்டும் என்று 2025 ஜூலையில் உச்ச நீதிமன்றமே நெறி வகுத்தது. ஆறு என்றால் வழி. ஆற்றுப்படுத்துதல் என்றால் வழிகாட்டுதல். பரிசு பெற்ற பாணன், வறுமையில் வரும் பாணனுக்கு வழி சொன்ன இலக்கியம் நம்முடையது! உங்கள் பள்ளியில் அந்த நாற்காலி இருக்கிறதா, அதில் ஆள் இருக்கிறாரா என்று கேளுங்கள். இல்லையென்றால் உரிமையோடு கேட்டுப் பெறுங்கள்!

இறுதியாக என் கதை, சுருக்கமாகச் சொல்கிறேன். நான் கல்லூரியைப் பாதியில் விட்டவன். கட்டணம் கட்டாதவன் என்று, வகுப்பு முழுவதும் பார்க்க என்னை எழுப்பி நிறுத்தினார்கள். அன்று கற்ற பாடம் ஒன்றும் நினைவில்லை. அந்த நிமிடம் மட்டும் இன்னும் சுடுகிறது. ஆம், உலை நின்று பல ஆண்டுகள் ஆயின; வெப்பம் நிற்கவில்லை! தலைகுனிந்து வாசலுக்கு வந்தபோது, எனக்குப் பாடம் நடத்தாத ஓர் ஆசிரியர் என் முகத்தைப் பார்த்தார். "சாப்பிட்டாயா?" என்றார். அவ்வளவுதான். கல்லூரி போயிற்று, நான் பிழைத்தேன்.

தோழனே! கூட்டம் கலைந்தது; இனி உன்னோடு மட்டும் ஒரு சொல். தேர்வு முடிவு வரும் நாளில் உன் பிள்ளை வாசலில் வந்து நிற்கும்போது, "எத்தனை?" என்று கேட்குமுன் "சாப்பிட்டாயா?" என்று கேள். பேசாமல் நின்றால், நீயும் பேசாமல் அருகில் அமர். தாங்க முடியாத வெப்பம் என்று தோன்றினால் 14416 என்ற எண்ணை அழைக்கத் தயங்காதே. கேட்பதற்கு அங்கே ஆள் உண்டு.

மாமல்லபுரத்துக் கற்பசு கன்றை நக்குகிறது. கல்லுக்கே அது தெரிகிறது. நமக்குத் தெரியாதா?