எந்த நாற்காலியிலிருந்து பார்க்கிறோம்?

(முன்னாள் மாணவர் சங்க ஆண்டுக் கூட்டத்தில் ஆற்றிய உரை)



‘பார்வையும் உண்மையும்’ என்று தலைப்புக் கொடுத்துவிட்டார்கள். தத்துவம் பேச எனக்கு வராது. மெக்கானிக்கல் படித்தவன், தெரிந்ததைச் சொல்கிறேன்.

முதலாண்டு டிராயிங் வகுப்பை யாரும் மறந்திருக்க மாட்டீர்கள். ஒரு உருளையை மேலிருந்து பார்த்தால் வட்டம். முன்னாலிருந்து பார்த்தால் செவ்வகம். இரண்டும் பொய் இல்லை. ஆனால் ஒரே ஒரு படத்தை மட்டும் கொடுத்து, "இதைச் செய்து கொண்டு வா" என்றால் என்ன ஆகும்? ஒருத்தன் பந்து செய்து வருவான், இன்னொருத்தன் பெட்டி செய்து வருவான். இரண்டு பேரும் தான் செய்ததே சரி என்று சண்டையும் போடுவார்கள்!

சிரிக்கிறீர்கள். ஆனால் இதே விஷயத்தில் ஏழு உயிர் போயிருக்கிறது.

1986 ஜனவரி 28. இங்கிருக்கும் பலர் அப்போது பிறந்திருக்கவே மாட்டோம். அமெரிக்காவின் சாலஞ்சர் விண்வெளி ஓடம் கிளம்பிய 73 விநாடிகளில் சிதறியது. இறந்த ஏழு பேரில் ஒருவர் பள்ளிக்கூட டீச்சர். பக்கவாட்டு ராக்கெட்டின் இணைப்பில் இருந்த ஓ-ரிங் என்ற ரப்பர் வளையம் குளிரில் விறைத்துப்போய், சூடான வாயுவைத் தடுக்கத் தவறியதுதான் காரணம்.

முந்தின நாள் இரவே இதைப் பற்றிப் பேச்சு நடந்திருக்கிறது. ராக்கெட்டைத் தயாரித்த மார்ட்டன் தயக்கால் நிறுவனத்தின் பொறியாளர்கள், ரோஜர் பாய்ஸ்ஜாலி போன்றவர்கள், சுமார் 12 டிகிரி செல்சியஸுக்குக் கீழே ஏவ வேண்டாம் என்று தொலைபேசியில் நாசாவிடம் மன்றாடினார்கள். மறுநாள் ஏவுதளத்தில் வெப்பநிலை சுமார் 2 டிகிரிதான்.

அன்று விவாதத்தில் பேசப்பட்டதெல்லாம் வளையம் சேதமான பயணங்கள் மட்டுமே. 12 டிகிரியில் சேதம், சரி. ஆனால் 24 டிகிரியில் போனதிலும் சேதம். அப்படியானால் குளிருக்கும் இதற்கும் என்ன சம்பந்தம் என்று கேட்டால், பதில் சொல்வது கஷ்டம்தானே?

விபத்துக்குப் பின் அமைந்த ரோஜர்ஸ் கமிஷன், சேதமே ஆகாத பயணங்களையும் சேர்த்துப் பார்த்தது. சுமார் 18 டிகிரிக்குக் கீழே போன 4 பயணங்களிலும் சேதம். அதற்கு மேலே போன 20-ல் 3-ல் மட்டுமே சேதம். பளிச்சென்று தெரிந்துவிட்டது. இவையெல்லாம் விபத்துக்கு முன்பே இருந்த விவரங்கள்தான். பார்த்த கோணம்தான் மாறியது.

இன்னொன்றும் கவனியுங்கள். வழக்கமாகக் கேட்கும் கேள்வி, "இது பாதுகாப்பானது என்று நிரூபி" என்பது. அன்றிரவு பொறியாளர்களுக்கு, "ஆபத்து என்று நிரூபி" என்று தங்களிடம் கேட்பதுபோல் ஆகிவிட்டது. கேள்வியைத் திருப்பிப் போட்டால், அதே ஆதாரம் போதாததாகிவிடுகிறது. கடைசியில், கம்பெனியின் பொறியியல் பிரிவுத் தலைவரிடம், பொறியாளர் தொப்பியைக் கழற்றிவிட்டு நிர்வாகி தொப்பியைப் போட்டுக்கொள்ளும்படி சொல்லப்பட்டது. அவரும் சம்மதித்தார். அதே மனிதர், அதே தகவல். தொப்பி மாறியது, முடிவும் மாறியது.

கமிஷனில் இருந்த இயற்பியல் மேதை ரிச்சர்ட் ஃபெய்ன்மன் ஒரு காரியம் செய்தார். ஓடத்தை இழக்கும் வாய்ப்பு எவ்வளவு என்பதற்கு எழுந்த மதிப்பீடுகளைப் பார்த்தார். நிர்வாகிகள் பக்கம் லட்சத்தில் ஒன்று. வேலை செய்யும் பொறியாளர்கள் பக்கம் நூற்றில் ஒன்று. லட்சத்தில் ஒன்று என்றால், தினம் ஒன்று ஏவினாலும் 270 வருஷத்துக்கு மேல் ஓட்டலாம்! உண்மையில் நடந்தது என்ன? 1981 முதல் 2011 வரை 135 பயணங்கள். 1986-ல் சாலஞ்சர், 2003-ல் கொலம்பியா என்று இரண்டு ஓடங்கள் போயின.

நிர்வாகிகள் கெட்டவர்கள் என்று நான் சொல்ல வரவில்லை. அவர்கள் நாற்காலியிலிருந்து பார்த்தால், போன 24 பயணங்களும் பத்திரமாகத் திரும்பின. அது நிஜம். பொறியாளர்கள் இடத்திலிருந்து பார்த்தால், திரும்பி வந்த ராக்கெட்டில் வளையத்தைத் தாண்டிப் படிந்த கரி தெரிந்தது. அதுவும் நிஜம். ஆனால் ‘அவரவர் பார்வை அவரவருக்கு’ என்று சொல்லி இதை முடித்துவிட முடியாது. ரப்பருக்கு யாருடைய பதவியும் தெரியாது. ஃபெய்ன்மன் டி.வி. காமிராக்களுக்கு முன்னால் அந்த ரப்பரைக் கவ்வியில் இறுக்கி, ஐஸ் தண்ணீரில் முக்கி எடுத்துக் காட்டினார். கவ்வியைத் தளர்த்தியும் அது உடனே பழைய வடிவத்துக்குத் திரும்பவில்லை. அவ்வளவுதான் விஷயம்.

தம்பி தங்கைகளுக்கு ஒரு வார்த்தை. கெட்டுப்போன பாகங்களை மேஜையில் பரப்பி வைத்துக்கொண்டு காரணம் தேடும்போது, கெடாதவற்றையும் கொண்டுவரச் சொல்லுங்கள். உங்கள் கையில் இருக்கும் விவரத்தை, எதிரில் இருப்பவருக்குப் புரிகிற மாதிரி வரைந்து காட்டப் பழகுங்கள்.

என் வயது நண்பர்களுக்கும் ஒன்று. நாம் இப்போது மெல்ல மெல்ல அந்தப் பெரிய நாற்காலிகளுக்கு வந்துகொண்டிருக்கிறோம். ஏ.சி. அறையிலிருந்து ஷாப் ஃப்ளோர் தெரியாது. கூட்டத்தில் கடைசியில் உட்கார்ந்திருக்கும் ஜூனியர் தயங்கித் தயங்கி ஏதாவது சொன்னால், "ஆதாரம் எங்கே?" என்று வாயை அடைக்காமல், "நீ நிற்கிற இடத்திலிருந்து என்னப்பா தெரிகிறது?" என்று கேட்டுவிட்டு அப்புறம் கையெழுத்துப் போடுங்கள்.