களனி ஆற்றங்கரையில் ஒரு ஞாயிற்றுக்கிழமை

(தோட்டக் குடும்பங்களின் மாதாந்தக் கூட்டத்தில் நலன்புரி உத்தியோகத்தர் ஆற்றிய உரை)



ஒவ்வொரு கூட்டத்திலும் சுகாதாரம், சேமலாப நிதி, பிள்ளைகளின் படிப்பு என்று பேசுகிறோம். இன்றைக்கு மீன் பிடிக்கப் போன கதை ஒன்றைச் சொல்லப் போகிறோம். "ஐயாவுக்கு வேற வேலை இல்லையா?" என்று நினைக்க வேண்டாம். கதையின் முடிவில் நம் எல்லோருக்கும் வேலை இருக்கிறது.

தைப்பொங்கலுக்கு முந்தின ஞாயிறு கொழும்பில் நின்றோம். நம்மோடு ஒரே லயத்தில் வளர்ந்த கூட்டாளி ஒருவர் வெள்ளவத்தையில் புடவைக் கடையில் வேலை செய்கிறார். குடியிருப்பு கொட்டாஞ்சேனையில், ஒரு வாடகை அறை. கிழமைக்கு ஒரு நாள்தான் லீவு. விடிய ஐந்து மணிக்கே தட்டி எழுப்பி, "வாங்க மச்சான், ஆத்துக்குப் போவோம்" என்றார்.

இங்கே தை மாதம் கம்பளி இல்லாமல் பெரட்டுக்குப் போக முடியாது. கொழும்பில் அந்தக் குளிர் கிடையாது. ஆனாலும் கூட்டாளி தோட்டத்துப் பழக்கத்தில் ஒரு பழைய சுவெட்டரை மாட்டிக்கொண்டுதான் வந்தார். முகத்துவாரம் தாண்டி, மட்டக்குளி காக்கைதீவுப் பக்கம் போய் உட்கார்ந்தோம். களனி ஆறு கடலில் விழுகிற இடம் அது.

கையில் இருந்தது இரண்டு தூண்டில், கொஞ்சம் இறால், ஒரு துண்டுப் பாண். தை மாதத்தில் மேற்கு மலையில் மழை குறைவு. ஆற்றில் தண்ணீர் இறங்கும்போது கடல் தண்ணீர் உள்ளே ஏறும். அதோடு மணலை மீனும் வரும் என்றார். பாணைப் பிசைந்து சின்ன உருண்டையாக முள்ளில் குத்தி எறிந்தார். பேச்சு இல்லை, காத்திருப்புத்தான். பத்து மணிக்குள் நாலு திலாப்பியாவும் ஒரு மணலையும் கிடைத்தன. நம்முடைய தூண்டிலில் பட்டது ஒன்றே ஒன்று!

நடுவில் ஒரு செத்த மீன் வயிறு மேலே தெரிய மிதந்து வந்தது. எட்டி எடுக்கப் போனோம். கூட்டாளி கையைப் பிடித்துத் தடுத்தார். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "அந்த அக்காவுக்கு நாம சொல்லவே இல்லையே மச்சான்" என்றார்.

அதை இன்றைக்குச் சபையில் சொல்கிறோம். நமக்குப் பதின்மூன்று வயது இருக்கும். களைக்கு அடிக்கிற மருந்தில் மிச்சம் கிடந்ததைப் பால் டின்னில் எடுத்துப்போய் நாம் இரண்டு பேரும் ஆற்று மடுவில் ஊற்றினோம். மீன்கள் மேலே வந்தன. அள்ளினோம். அடுத்த நாள் கீழ் லயத்தில் கொழுந்து பறிக்கிற ஒரு அக்காவின் ஆடு, குட்டியோடு செத்துக் கிடந்தது. புருசன் இல்லாத வீடு; அந்த ஆடுதான் அவருடைய சேமிப்பு. அவர் விதியை நொந்து அழுதார். நாம் வாய் திறக்கவில்லை. அவரும் இப்போது இல்லை.

களனி ஆறு எங்கிருந்து வருகிறது தெரியுமா? காசல்ரீ நீர்த்தேக்கம் கெஹெல்கமு ஓயாவில் இருக்கிறது. மவுசாகலை நீர்த்தேக்கம் மஸ்கெலி ஓயாவில் இருக்கிறது. இந்த இரண்டு ஓயாவும் கீழே சேர்ந்துதான் களனி ஆறாகிறது. கித்துல்கல, யட்டியாந்தோட்டை, அவிசாவளை, கடுவலை வழியாக, மொத்தம் 145 கிலோமீட்டர் ஓடிக் கடலில் சேர்கிறது. கடலுக்குக் கொஞ்சம் முன்னால் அம்பத்தளையில் அந்தத் தண்ணீரை எடுத்துச் சுத்திகரித்துக் கொழும்புக்குக் குடிக்கக் கொடுக்கிறார்கள். கூட்டாளி சிரித்துக்கொண்டே சொன்னார்: "நீங்க மேல குளிச்ச தண்ணிதான் எங்களுக்குத் தேத்தண்ணி."

2021இல் எக்ஸ்பிரஸ் பேர்ள் கப்பல் எரிந்து மூழ்கியபோது கடல் பக்கமிருந்து நஞ்சு வந்தது. அந்தக் கரை மீனவர்கள் தொழிலுக்குப் போக முடியாமல் தவித்தார்கள். கப்பலை நாம் தடுக்க முடியாது. மலைப் பக்கமிருந்து போவதைத் தடுப்பது நம் கையில்தான் இருக்கிறது. நம்முடைய பிள்ளைகளே எத்தனை பேர் கொட்டாஞ்சேனையிலும் வெள்ளவத்தையிலும் கடைகளில் நிற்கிறார்கள்! அவர்கள் வாய்க்குத்தான் அந்தத் தண்ணீர் போகிறது.

ஆகவே நாலு விசயம் கேட்டுக்கொள்கிறோம்.

ஒன்று, மருந்து போட்டோ, வெடி போட்டோ மீன் பிடிக்காதீர்கள். 1996ஆம் ஆண்டின் 2ஆம் இலக்கக் கடற்றொழில் சட்டப்படி அது குற்றம்.

இரண்டு, மருந்து அடிக்கும் டாங்கியை ஆற்றிலோ பீலியிலோ கழுவாதீர்கள். வெறும் போத்தலைக் கழுவித் தண்ணீர், எண்ணெய் வைக்காதீர்கள். ஸ்டோரில் திருப்பிக் கொடுங்கள்.

மூன்று, மீன் செத்து மிதந்தால் எடுக்காதீர்கள். கீழ் லயத்துக்கு ஆள் அனுப்பிச் சொல்லுங்கள், நமக்கும் சொல்லுங்கள். யாருக்காவது வாந்தி, மயக்கம் வந்தால் உடனே ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோங்கள். மருந்துப் போத்தல் கிடைத்தால் அதையும் எடுத்துப்போய் டாக்டரிடம் காட்டுங்கள்.

நாலு, பிள்ளைகள் மீன் பிடிக்கட்டும், நல்ல பழக்கம்தான். தூண்டிலோடு, பெரியவர் ஒருவர் துணையோடு போகட்டும். நீர்த்தேக்கத்தில் தனியாக இறங்க விடாதீர்கள்.

அன்றைக்குப் பிடித்த மீனைக் கொட்டாஞ்சேனை அறையில் மண்ணெண்ணெய் அடுப்பில் குழம்பு வைத்துச் சாப்பிட்டோம். பஸ் ஏற்றிவிட வந்தபோது கூட்டாளி, "மேல போனதும் பிள்ளைகளுக்குச் சொல்லுங்க மச்சான்" என்றார். சொல்லிவிட்டோம். அந்த அக்காவிடம் சொல்ல வேண்டியதை இத்தனை வருசம் கழித்து உங்களிடம் சொன்னதாக இருக்கட்டும்.