முதுமைக்கு ஒரு வரி
(கல்லாறு தமிழன்பர்கள் ஆண்டு விழாவில் ஆற்றிய உரை)



ரயில்வே குமாஸ்தாவாகிய எனக்குச் சட்டம் கற்பிக்கும் தகுதி இல்லை; பட்டறிவு உண்டு. என் தகப்பனார் 2012-இல் ஊரிலிருந்த வீட்டைத் தமையனார் பெயருக்குத் தானசாசனம் செய்தார். பராமரிப்பு நிபந்தனை சேர்க்கலாமா என்று பத்திரம் எழுதுபவர் வினவ, “பெற்ற மகனிடமா?” என்று சிரித்தார். ஈராண்டில் திண்ணைக்கு வந்தார். பின்னர் என் குவார்ட்டர்ஸில் கண்மூடினார்.

அவ்வொரு வரியின் விலை அன்று நாங்கள் அறியோம். 2007-ஆம் ஆண்டின் பெற்றோர், மூத்த குடிமக்கள் பராமரிப்புச் சட்டத்தின் 23-ஆம் பிரிவின்படி, பேணவேண்டும் என்னும் நிபந்தனையுடன் அளித்த சொத்தை, பெற்றுக்கொண்டவர் பேணாவிடில், தீர்ப்பாயம் செல்லாததாக்கலாம். கல்லாற்றினர் அணுகவேண்டியது நெடுமங்காடு வருவாய்க் கோட்ட அலுவலரை. நிபந்தனை இருந்ததை மெய்ப்பிக்கவேண்டும் என்று 2022-இல் உச்சநீதிமன்றம் கூறியது. 2025-இல் சற்றுத் தாராளமாகவே பொருள் கொண்டது. அத்தாராளத்தை நம்பி வரியை விடலாகாது.

உயிலாயின் இத்தொல்லையே இல்லை. உயிருள்ளவரை வீடு நம்முடையது. மனம் மாறினால் மாற்றியும் எழுதலாம். நம் கையொப்பத்துடன் இரு சாட்சிகளின் கையொப்பமும் வேண்டும். பதிவு கட்டாயமன்று, செய்துவைத்தால் நலம்.

தாயார் பெயரில் அரை ஏக்கர் இருக்கிறது. அடுத்த விடுப்பில் உயில் எழுதவிருக்கிறோம். அதில் தமையனாருக்கும் பங்குண்டு. அது அம்மாவின் விருப்பம்.