துறுதுறுப்பான பிள்ளைகளும் பெற்றோராகிய நாமும்

பிஸ்மில்லாஹிர் ரஹ்மானிர் ரஹீம்.



நாங்கள் மருத்துவர்களும் அல்ல, ஆசிரியர்களும் அல்ல, கடை நடத்துகிறவர்கள். எங்கள் மகனுக்கு ஏடிஎச்டி எனப்படும் கவனக்குறைவு, மிகைத் துறுதுறுப்புக் கோளாறு உள்ளது. அவனை வளர்ப்பதில் கணவனும் மனைவியுமாக நாங்கள் கற்றதைச் சொல்லவே வந்துள்ளோம்.

தொடக்கநிலை இரண்டில் அவன் படித்தபோது பள்ளியிலிருந்து அடிக்கடி அழைப்பு வரும். இடத்தில் உட்காரமாட்டான், கேள்வி முடியுமுன் பதிலைக் கத்துவான், தண்ணீர்ப் போத்தலைத் தொலைப்பான். மதரஸாவில் ஓதும்போது வரி விட்டு வரி தாவுவான். சேட்டை என்று நினைத்துப் பிரம்பை எடுத்தோம். கண்ணூறு என்றார்கள் உறவினர்கள், ஓதி ஊதினோம். ஓரிரவு அவன் அழுதுகொண்டே, "அத்தா, உட்காரணும்னுதான் நெனைக்கிறேன். காலு கேக்கமாட்டேங்குது" என்றான். அன்றே பிரம்பைக் குப்பையில் போட்டோம்.

பலதுறை மருந்தகத்தில் பரிந்துரைக் கடிதம் வாங்கி, மருத்துவமனைக்குச் சென்றோம். நம்மிடமும் ஆசிரியரிடமும் கேட்டறிந்த பிறகே முடிவு சொன்னார்கள். அறிகுறிகள் 12 வயதுக்கு முன்பே தெரிய வேண்டும். குறைந்தது 6 மாதம் நீடிக்க வேண்டும். வீடு, பள்ளி என ஒன்றுக்கு மேற்பட்ட இடங்களில் காணப்பட வேண்டும். வளர்ப்புக் குறையால் இது வருவதில்லை. பெரும்பாலும் பரம்பரையாக வருவது என்றார் மருத்துவர். அப்போது எங்களில் ஒருவர் தலைகுனிந்தார். சிறு வயதில் அதே காரணத்துக்காக அடி வாங்கியவர் அவர். பெண் பிள்ளைகளில் சிலர் ஓடியாடாமல் கனவில் இருப்பதுபோல் உட்கார்ந்திருப்பார்கள். அதனால் நம் கண்ணில் படாமலே போய்விடும்.

வீட்டில் சில பழக்கங்களை மாற்றினோம். ஒரு நேரத்தில் ஒரு வேலைதான் சொல்வோம். காலை வேலைகளைப் படமாக வரைந்து சுவரில் ஒட்டினோம். வீட்டுப்பாடம் 15 நிமிடம், பிறகு 5 நிமிடம் ஓட்டம். நல்லது செய்தால் அந்த நொடியே பாராட்டு. வாரக் கடைசியில் தரும் பரிசுக்காக அவனால் காத்திருக்க முடியாது. வகுப்பில் முன்வரிசையில் உட்கார வைக்க ஆசிரியரிடம் கேட்டுக்கொண்டோம்.

எல்லாப் பிள்ளைக்கும் மருந்து தேவைப்படாது. எங்கள் மகனுக்கு மெத்தில்ஃபெனிடேட் கொடுத்தார்கள். பசி குறைந்தது; அதனால் வயிறாரச் சாப்பிட்ட பிறகே மாத்திரை கொடுத்தோம். ரமலானில் நோன்பு பிடிக்க ஆசைப்பட்டான்; மருத்துவரிடம் கேட்டே நேரத்தை மாற்றினோம். நாமாக மருந்தை நிறுத்தவோ கூட்டவோ கூடாது. துஆவை விடவில்லை, மருத்துவரையும் விடவில்லை.

பெரியவர்களிடம் ஒரு வேண்டுகோள். பள்ளிவாசலில் இப்படி ஒரு பிள்ளை ஸஃப்பை விட்டு ஓடினால் அதட்டி விரட்டாதீர்கள். நபி (ஸல்) அவர்கள் பேத்தி உமாமாவைத் தோளில் சுமந்தபடி தொழுதவர்கள். ஒருமுறை விரட்டப்பட்ட எங்கள் மகன் பல ஜும்ஆக்களுக்கு வர மறுத்தான்.

இன்றும் போத்தல் தொலைகிறது. ஆனால் கடையில் சரக்கு எண்ணி அடுக்க அவனைப்போல் ஆள் இல்லை. 50 ஆண்டுகள் நம் குடும்பங்களைத் தாங்கிய இச்சங்கம், இத்தகைய பெற்றோர் கூடிப் பேச மாதம் ஒருநாள் இடம் தந்தால், இன்னும் சில வீடுகளில் பிரம்பு கீழே இறங்கும், இன்ஷா அல்லாஹ்.