குறட்டை சோம்பலின் அடையாளமா?

(தோட்டக் கிளைச் சங்கத்தின் மாதக் கூட்டத்தில் கிராணி ஒருவர் ஆற்றிய உரை)



சம்பளத்தையும் போனஸையும் பற்றிப் பேசவேண்டிய மேடையில் குறட்டையைப் பற்றிப் பேச எழுந்திருக்கிறேன். பின்வரிசையில் சிரிப்புக் கேட்கிறது. சிரியுங்கள், தவறில்லை. நானும் ஒரு காலத்தில் சிரித்தவன்தான். அந்தச் சிரிப்பினால் ஒரு தொழிலாளியின் சோற்றில் மண் விழ இருந்தது. அதைச் சொல்லவே வந்திருக்கிறேன்.

நான் முன்பு வேலை பார்த்த தோட்டமொன்றில் பால் லாரி ஓட்டிய சகோதரர் ஒருவர் இருந்தார். நல்ல மனிதர். ஆனால் பால் நிறுக்கும் இடத்தில் லாரியை நிறுத்தினால் போதும், ஸ்டியரிங்மேல் தலை சாய்ந்துவிடும். கும்பகர்ணன் என்று பெயர் வைத்தோம். வேலை நேரத்தில் தூங்கினார் என்று ரிப்போர்ட் புத்தகத்தில் மூன்று தடவை எழுதியவன் நான்தான். ஒரு நாள் விடியற்காலையில் பிரட்டுக்களத்துக்கு வரும்போது கண் அசந்து மோட்டார் சைக்கிளோடு கானில் விழுந்தார். அதன்பிறகு நிர்வாகம் அவரை உள்விசாரணைக்கு அழைத்தது. என் மூன்று வரிகள்தாம் அவருக்கு எதிரான சாட்சி.

விசாரணைக்கு முதல்நாள் அவர் மனைவி ஆபீஸ் வாசலுக்கு வந்தார். "கிராணி ஐயா, எங்க வீட்டுக்காரரு சோம்பேறி இல்லீங்க. ராத்திரியில கொறட்டை திடீர்னு நின்னுடும். மூச்சும் நின்னுடும். நான் பக்கத்துல உட்கார்ந்து எண்ணுவேன். இருபது வரைக்கும் எண்ணியிருக்கேன். அப்புறம் தண்ணியில முங்கினவங்க மேல வர்ற மாதிரி திணறி மூச்சு விடுவாரு. விடியிற வரைக்கும் இப்படித்தானுங்க" என்றார்.

தோழர்களே, அந்த அம்மையார் சொன்னது வியாதியின் அடையாளம். அது எனக்கு அன்று தெரியவில்லை. டாக்டரிடம் கேட்டும் படித்தும் பிறகு தெரிந்துகொண்டேன். அதைத்தான் இப்போது உங்களுக்குச் சொல்கிறேன்.

முதலில், குறட்டை எப்படி உண்டாகிறது? நாம் விழித்திருக்கும்போது தொண்டையின் தசைகள் மூச்சுப் பாதையைத் திறந்து பிடித்திருக்கின்றன. தூங்கியதும் அவை தளர்கின்றன. மேல்வாயின் பின்பக்கத்து மென்சதையும் உள்நாக்கும் தொங்குகின்றன. நாக்கின் அடிப்பகுதி பின்னால் சரிகிறது. பாதை குறுகுகிறது. தண்ணீர்க் குழாயின் வாயை விரலால் நசுக்கினால் தண்ணீர் சீறிப் பாய்வதில்லையா? அப்படியே குறுகிய பாதையில் காற்று வேகமாகப் பாய்ந்து அந்தச் சதைகளை அதிர வைக்கிறது. அந்த அதிர்வின் ஓசையே குறட்டை.

பாதை குறுகப் பல காரணங்கள் உண்டு. உடற்பருமன் ஒன்று, கழுத்தைச் சுற்றிச் சேரும் கொழுப்பு தொண்டையை வெளியிலிருந்து அழுத்துகிறது. மூக்கடைப்பு, மூக்குத் தண்டு வளைவு, மூக்குக்குள் வளரும் சதை ஆகியவை மற்றக் காரணங்கள். புகைபிடித்தால் தொண்டை வீங்குகிறது. கள்ளும் பீரும் சம்சுவும் தூக்க மாத்திரையும் தசைகளை மேலும் தளர்த்துகின்றன. மல்லாந்து படுத்தால் நாக்கு பின்னால் விழும். தைராய்டுச் சுரப்பி சரியாக வேலை செய்யாவிட்டாலும் குறட்டை வரலாம். வயது ஏற ஏறத் தசைகளின் விறைப்புக் குறைகிறது. ஒல்லியாக இருப்பவருக்கும் தாடை சிறியதாக இருந்தால் குறட்டை உண்டு. ஆகவே, "நான் குண்டாக இல்லையே" என்று யாரும் அலட்சியமாக இருக்க வேண்டாம்.

தாய்மார்களுக்கும் ஒரு வார்த்தை. கர்ப்ப காலத்திலும் மாதவிலக்கு நின்ற பிறகும் பெண்களுக்குக் குறட்டை அதிகமாகிறது. வெட்கப்பட்டு மறைப்பவர்கள் பலர். இதில் வெட்கப்பட எதுவுமில்லை.

குறட்டை விடுகிற எல்லாருமே நோயாளிகள் அல்ல. ஆனால் பாதை குறுகி முழுதும் அடைத்துக்கொண்டால் மூச்சு நின்றுவிடுகிறது. பத்து விநாடி அல்லது அதற்குமேல் நின்றால் டாக்டர்கள் அதை ஒரு தடை என்று கணக்கிடுகிறார்கள். பாதி அடைத்து மூச்சுக் குறைந்து போவதையும் சேர்த்துக்கொள்கிறார்கள். மணிக்கு 5 முதல் 15 வரை இலேசானது. 15 முதல் 30 வரை நடுத்தரமானது. 30-க்கு மேல் கடுமையானது. மணிக்கு 30 என்றால் ஏழு மணி நேரத் தூக்கத்தில் 210 தடவை! ஒவ்வொரு தடவையும் மூளை பதறி உடம்பை உசுப்புகிறது. தூங்குகிறவருக்கு அது நினைவில் இருக்காது. ஆனால் காலையில் தலைவலி, நாள் முழுதும் அசதி, உட்கார்ந்த இடத்தில் தூக்கம். போகப் போக இரத்த அழுத்தம், இருதயக் கோளாறு, பக்கவாதம் ஆகியவை வரும் அபாயமும் கூடுகிறது. வாகனம் ஓட்டுகிறவருக்குச் சாலையில் ஆபத்து.

நமக்கு இதில் இன்னொரு தொல்லையும் உண்டு. வெயில் ஏறினால் மரத்தின் உள்ளழுத்தம் குறைந்து பால் ஓட்டம் குறையும். அதனால் பால்வெட்டுகிறவர் இருட்டிலேயே எழுந்தாக வேண்டும். தூங்கக் கிடைப்பதே கொஞ்ச நேரம். அந்தக் கொஞ்சத்தையும் இந்த வியாதி திருடிக்கொள்கிறது. தூக்கம் கெட்டால் குறட்டை இன்னும் மோசமாகிறது.

இது புதிய வியாதி அல்ல. 1837-ல் எழுதி முடிக்கப்பட்ட நாவலொன்றில் சார்லஸ் டிக்கன்ஸ் என்னும் ஆங்கில எழுத்தாளர், எந்நேரமும் தூங்கிக் குறட்டை விடும் பருமனான வேலைக்காரப் பையன் ஒருவனைப் படைத்தார். வாசகர்கள் அவனைப் பார்த்துச் சிரித்தார்கள். தூக்கத்தில் மூச்சுப் பாதை அடைத்துக்கொள்கிறது என்பதை 1965-ல்தான் பிரெஞ்சு, ஜெர்மன் டாக்டர்கள் கருவிகளை வைத்துப் பதிவு செய்து காட்டினார்கள். 1981-ல் ஆஸ்திரேலியாவின் சிட்னி நகரில் காலின் சல்லிவன் என்னும் டாக்டர், மூக்கின் வழியாகக் காற்றை அழுத்தி அனுப்பித் தொண்டையைத் திறந்து வைக்கும் முறையை வெளியிட்டார். சிபேப் கருவி என்பது அதுதான். கடுமையான மூச்சுத்தடைக்கு இன்றும் முதல் வைத்தியம் இதுவே.

சரி, யார் டாக்டரைப் பார்க்க வேண்டும்? கனடாவின் டொராண்டோ நகரத்து டாக்டர்கள் 2008-ல் எட்டுக் கேள்விகள் வகுத்தார்கள். மூடிய கதவுக்கு வெளியே கேட்கும்படி குறட்டை உண்டா? பகலில் களைப்பா? தூக்கத்தில் மூச்சு நிற்பதை யாராவது பார்த்தார்களா? இரத்த அழுத்தம் உண்டா? உயரத்துக்கு மிஞ்சிய பருமனா? வயது 50-க்கு மேலா? கழுத்துச் சுற்றளவு 40 சென்டிமீட்டருக்கு மேலா? ஆணா? மூன்றுக்கு ஆமென்றால் கவனிக்க வேண்டும். ஐந்து அல்லது அதற்குமேல் என்றால் தாமதிக்கவே கூடாது. டிரெஸ்ஸரிடமோ அரசாங்கச் சுகாதாரக் கிளினிக்கிலோ சொல்லி, பெரிய மருத்துவமனைக்குக் கடிதம் கேளுங்கள். தூக்கத்தின்போது மூச்சையும் இரத்தத்திலுள்ள பிராண வாயுவையும் பதிவு செய்யும் சோதனை செய்வார்கள். போகும்போது மனைவியையோ கணவரையோ கூட அழைத்துச் செல்லுங்கள். சாட்சி அவர்தான்!

இனி வைத்தியம். காசில்லாமல் செய்யக்கூடியவற்றை முதலில் சொல்கிறேன். பக்கவாட்டில் படுங்கள். மல்லாந்து புரளும் வழக்கமிருந்தால் பனியன் முதுகில் ஒரு பை தைத்து டென்னிஸ் பந்தைப் போட்டுக்கொள்ளுங்கள். புரண்டால் பந்து குத்தும். மாலைக்குப் பிறகு மது வேண்டாம். சிகரெட்டை விடுங்கள். மூக்கடைப்பு இருந்தால் அதற்கு முதலில் மருந்து பாருங்கள். உடற்பருமன் உள்ளவர் எடையைக் குறைக்க வேண்டும். எடையில் பத்து விழுக்காடு குறைந்தால் மூச்சுத் தடைகள் ஏறக்குறையக் கால் பங்கு குறையும் என்று 2000-ல் வெளிவந்த அமெரிக்க ஆராய்ச்சி ஒன்று கூறுகிறது.

இவை போதாவிட்டால் கீழ்த்தாடையை முன்னே இழுத்துப் பிடிக்கும் பல்கவசம் உண்டு. அதைப் பல் டாக்டர் அளவெடுத்துச் செய்வார். அதற்குமேல் சிபேப் கருவி. சிலருக்கு அறுவைச் சிகிச்சையும் உண்டு. பருமனோடு சேர்ந்த மூச்சுத்தடைக்கு டிர்செபடைடு என்னும் ஊசி மருந்தை 2024 டிசம்பரில் அமெரிக்க அரசு அனுமதித்திருக்கிறது. எது யாருக்கு ஏற்றது என்பதை டாக்டர்தான் சொல்ல வேண்டும். குறட்டை மோதிரம், காந்தப் பட்டை என்று விளம்பரம் செய்கிறவர்களிடம் உங்கள் வெள்ளியைக் கொடுக்காதீர்கள்.

பிள்ளைகளை மறக்க வேண்டாம். தினமும் குறட்டை விட்டு வாயால் மூச்சு வாங்கும் பிள்ளைக்குத் தொண்டைச் சதையோ மூக்கின் பின்சதையோ வீங்கியிருக்கக்கூடும். அந்தப் பிள்ளை படுக்கையை நனைக்கும். வகுப்பில் கவனம் சிதறும். மந்தம் என்று அடிக்காதீர்கள். மருத்துவமனைக்குக் கொண்டுபோங்கள். பெரும்பாலான பிள்ளைகளுக்கு அந்தச் சதையை எடுத்துவிட்டால் குணம் தெரிகிறது.

கடைசியாக, சங்கத்தின் கடமை. 1955-ஆம் ஆண்டு வேலைச் சட்டத்தின் 14-ஆம் பிரிவு, முறையான விசாரணைக்குப் பிறகே ஒருவரைத் தவறான நடத்தைக்காகத் தண்டிக்கலாம் என்கிறது. வேலை நேரத்தில் தூங்கினார் என்று குற்றம் வந்தால், "டாக்டர் பார்த்தாரா?" என்பதே நம் பிரதிநிதிகள் கேட்கும் முதல் கேள்வியாக இருக்கட்டும். குடித்துவிட்டுத் தூங்குகிறவருக்கு நாம் பரிந்து பேசப் போவதில்லை. நோயாளியைக் குற்றவாளியாக்கவும் விடமாட்டோம். லாரியும் டிராக்டரும் ஓட்டுகிறவர்களை இந்தச் சோதனைக்கு அனுப்பும்படி நிர்வாகத்தைக் கேட்போம். அது அவர்களுக்கும் இலாபம். கருவியின் விலை சில ஆயிரம் வெள்ளி. தனி ஆள் தாங்க மாட்டார். கிளை முன்னின்று கைகொடுக்க வேண்டும்.

அந்தச் சகோதரர் என்ன ஆனார் என்று கேட்பீர்கள். விசாரணையன்று அவர் மனைவி சொன்னதை நானே எழுந்து சொன்னேன். விசாரணை ஒத்திவைக்கப்பட்டது. சோதனையில் மணிக்கு நாற்பது தடவைக்குமேல் மூச்சுத் தடைப்படுவது தெரிந்தது. வைத்தியம் முடியும்வரை லாரியை விட்டு ஸ்டோரில் வேலை பார்த்தார். கிளைத் தோழர்கள் பணம் சேர்த்தார்கள், கருவி வந்தது. நான்கு மாதம் கழித்து டாக்டர் கடிதத்தோடு மறுபடியும் லாரி ஏறினார்.

ரிப்போர்ட் புத்தகத்தில் நான் எழுதிய மூன்று வரிகளை அழிக்க எனக்கு அதிகாரமில்லை. அவற்றின் கீழே, "இவர் நோயாளி, விசாரிக்காமல் எழுதியது என் தவறு" என்று எழுதிக் கையெழுத்திட்டேன். கிராணி நண்பர்களே, பேனா நம் கையில் இருக்கிறது. எழுதுமுன் ஒரு வார்த்தை கேளுங்கள்.