ஆம், இல்லை எனத் தெளிதல்

(வெள்ளி விழா இளைஞர் அரங்கில் அரசு உயர்நிலைப்பள்ளித் தலைமையாசிரியர் ஒருவர், பி.ஏ., பி.எட்., ஆற்றிய உரை)



கணிப்பொறி என்றதும் திரையில் தோன்றும் படங்களே பலர் நினைவுக்கு வருகின்றன. கட்டளைகளை எழுத்தால் இட்டு அதனிடம் வேலை வாங்கும் முறையும் உண்டு. அக்கட்டளைகளை ஏற்று நடத்தும் பகுதிக்கு ஷெல் என்று பெயர். பல கட்டளைகளை ஒரு கோப்பில் வரிசையாக எழுதி வைத்தால் அது ஷெல் நிரல். அந்நிரல் ஒரு நிபந்தனையை எவ்வாறு சோதித்து முடிவெடுக்கிறது என்பதே இன்று நாம் எடுத்துக்கொண்ட பொருள். சேவையகங்களைப் பராமரிக்கும் பணிக்குச் செல்ல விரும்பும் இளைஞர் இதனை அறியாதிருத்தல் இயலாது. நம் நாட்டின் சி-டாக் நிறுவனம் 2007இல் வெளியிட்ட பாஸ் லினக்ஸிலும் இதே ஷெல்லே பணிபுரிகிறது.

முதற்கண் சிறிது வரலாறு. 1969இல் அமெரிக்காவின் பெல் ஆய்வுக்கூடத்தில் கென் தாம்சன், டென்னிஸ் ரிட்சி ஆகியோர் யூனிக்ஸ் அமைப்பை உருவாக்கத் தொடங்கினர். 1979இல் வெளிவந்த அதன் ஏழாம் பதிப்பில் ஸ்டீபன் போர்ன் எழுதிய ஷெல் இடம்பெற்றது. 1989இல் பிரையன் ஃபாக்ஸ் எழுதிய பாஷ் வெளிவந்தது. 'இஃப்' என்று தொடங்கும் நிபந்தனையை, அதே சொல்லைத் திருப்பி 'ஃபை' என்று முடிப்பது இவற்றின் வழக்கம். அல்கால் 68 என்னும் மொழியிலிருந்து போர்ன் மேற்கொண்ட மரபு அது.

இனி, பொருளுக்கு வருவோம். 'இஃப்' என்னும் சொல்லை அடுத்து நிற்பது ஒரு கட்டளையே. ஒவ்வொரு கட்டளையும் முடியும்போது 0 முதல் 255 வரை ஓர் எண்ணைத் தந்து செல்லும். அவ்வெண் 0 ஆயின் வெற்றி. வேறு எதுவாயினும் தோல்வி. பள்ளியில் சுழி பெற்றவன் தோற்றான். ஷெல்லிலோ சுழி பெற்றதே வென்றது! இதற்குக் காரணம் உண்டு. வெற்றி ஒன்றே, தோல்விக்கோ காரணங்கள் பல. கட்டளையே கிடைக்கவில்லையெனில் 127. கிடைத்தும் இயக்க இயலவில்லையெனில் 126. இவ்வாறு எண்ணைக் கொண்டே காரணத்தை அறியலாம். இறுதியாக நடந்த கட்டளையின் எண் $? என்னும் குறியில் இருக்கும்.

ஓர் எடுத்துக்காட்டு. கோப்பில் ஒரு சொல்லைத் தேடித் தரும் கட்டளை 'கிரெப்'. சொல் இருந்தால் 0, இல்லையெனில் 1, கோப்பையே திறக்க இயலாவிடில் 2. கல்வி உதவித்தொகைப் பட்டியலில் ஒரு மாணவியின் பெயரை இக்கட்டளை தேடுகிறது என்று கொள்வோம். 0 அல்லாத அனைத்தையும் 'பெயர் இல்லை' என்றே நிரல் எழுதியவர் கொண்டால் என்ன ஆகும்? பட்டியலைத் திறந்தே பாராமல், அப்பிள்ளைக்கு உரிமை இல்லை என்று கணிப்பொறி அறிவித்துவிடும். 'இல்லை' என்பது வேறு. 'பார்க்க இயலவில்லை' என்பது வேறு. இவ்வேறுபாட்டில் ஒரு பிள்ளையின் ஓராண்டுப் படிப்பு அடங்கியிருக்கலாம். ஆதலின் 1ஐயும் 2ஐயும் தனித்தனியே சோதித்தல் கடமையாகும்.

அடுத்து, 'டெஸ்ட்' என்னும் கட்டளை. [ என்னும் சதுர அடைப்புக்குறி இக்கட்டளையின் மற்றொரு பெயரே. அதனால்தான் அதனை அடுத்தும், முடிக்கும் ] குறிக்கு முன்னும் இடைவெளி விடல் வேண்டும். கழித்தற்குறியுடன் எஃப் எழுத்தைச் சேர்த்தால், அப்பெயரில் சாதாரணக் கோப்பு உள்ளதா என்று அறியலாம். டி எழுத்தைச் சேர்த்தால் கோப்புறை உள்ளதா என்று அறியலாம். 07, 7 இரண்டையும் = குறியால் ஒப்பிட்டால் வேறு வேறு; அது எழுத்துகளை ஒப்பிடுவது. எண்களாக ஒப்பிட '-ஈக்யூ' என்பதை இடல் வேண்டும். அப்போது இரண்டும் சமம். பெரிது என்பதற்கு '-ஜிடி'. அதற்கு மாறாக [ 10 > 9 ] என்று எழுதினால் ஒப்பீடு நடைபெறாது. 9 என்னும் பெயரில் ஒரு வெற்றுக்கோப்பு உண்டாகும். விடையும் எப்போதும் 'ஆம்' என்றே வரும்.

மாறி ஒன்று வெறுமையாக இருக்கக்கூடும் என்பதையும் மறவற்க. மாறியை இரட்டை மேற்கோளுக்குள் இடாவிடில், அது வெறுமையாக உள்ளபோது சோதனையே குலைந்துவிடும். இதனினும் பெரிய கேடும் நேர்ந்ததுண்டு. 2015 ஜனவரியில், ஸ்டீம் என்னும் விளையாட்டு மென்பொருளின் லினக்ஸ் பதிப்பைப் பற்றி ஒரு முறையீடு எழுந்தது. அதன் ஷெல் நிரல், தான் இருக்கும் கோப்புறையின் பெயரை ஒரு மாறியில் வைத்து, பின்னர் அம்மாறியை அடுத்துச் சாய்கோடு இட்டு, அதன் கீழுள்ளவற்றை அழிக்குமாறு எழுதப்பட்டிருந்தது. கோப்புறைக்குள் செல்லும் கட்டளை தோற்றபோது மாறி வெறுமையாயிற்று. எஞ்சியது சாய்கோடு மட்டுமே. லினக்ஸில் சாய்கோடு என்பது அனைத்திற்கும் வேரான கோப்புறை. பயனரின் சொந்தக் கோப்புகள் அழிந்தன. மாறி வெறுமையா என்று வினவும் ஒரே ஒரு வரி இருந்திருப்பின் இக்கேடு நேர்ந்திராது.

இறுதியாக இரு இணைப்புகள். முன்னது வென்றால் மட்டும் பின்னதைச் செய்க என்பது &&. முன்னது தோற்றால் மட்டும் பின்னதைச் செய்க என்பது ||. பட்டியலை வேறிடத்தில் படியெடுத்த பின்னரே பழையதை அழிக்க வேண்டுமாயின், இரண்டிற்கும் இடையே && இடுக. படியெடுத்தல் தோற்றால் அழித்தல் நடைபெறாது. ஆனால் இரு குறிகளையும் ஒரே வரியில் கோத்து, அதனை 'இஃப்', 'எல்ஸ்' ஆகியவற்றுக்கு ஈடாகக் கொள்ளற்க. நடுவிலுள்ள கட்டளை தோற்றாலும் இறுதிக் கட்டளை நடந்துவிடும்.

இளைஞர்களே, இதனைக் கற்க விலையுயர்ந்த கருவி வேண்டுவதில்லை. பழைய கணிப்பொறி ஒன்று போதும். லினக்ஸும் பாஷும் இலவசமாகவே கிடைக்கின்றன. சிறு நிரல் ஒன்றை எழுதுங்கள். கோப்பு இருக்கும்போது இயக்கிப் பாருங்கள். கோப்பை நீக்கிவிட்டும் இயக்கிப் பாருங்கள். மாறியை வெறுமையாக்கியும் இயக்கிப் பாருங்கள். மூன்றிலும் சரியான விடை தரும் நிரலையே பிறர் கையில் கொடுங்கள். நாளை அலுவலகங்களின் பட்டியல்களை ஆளும் நிரல்களை எழுதும் பொறுப்பு உங்களிடம் வரட்டும்; பாராமலே 'இல்லை' என்று சொல்லாத நிரல்களை நீங்கள் எழுதுங்கள்.